பின்பால் கறந்த கதை

முதலில் பெயர்ப் பிரச்சினையைத் தீர்த்துவிடுவோம். பின்பால் என்று தமிழில் எழுதினால் கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் வேறு அர்த்தம். முன்பால் நீர்க்க வரும், பின்பால் கெட்டியாக வரும், அதையும் குடித்தால்தான் பிள்ளை எடை ஏறும் என்று நர்சம்மா சொல்லிக்கொடுப்பார். நான் சொல்லவந்தது அமெரிக்கர்களின் பின்பால். சாய்வான ஒரு மேஜை, மேலே கண்ணாடி, உள்ளே ஓர் எஃகு உருண்டை, அதைத் திருப்பி அடிக்க இரண்டு குட்டித் துடுப்புகள், அந்தத் துடுப்புகளுக்கு நடுவே உருண்டை விழுந்து தொலைவதற்கென்றே ஒரு சந்து. ஆணியும் பந்தும் சேர்ந்த விளையாட்டு, அதனால் அந்தப் பெயர். ஆனால் அதன் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், தமிழ் எழுத்து அப்படியொன்றும் காலை வாரிவிடவில்லை என்றுதான் தோன்றுகிறது. தொண்ணூறு வருஷத்துக்கு மேலாக அங்கே நடப்பது கறவை.

டல்லாஸுக்கு வடக்கே ஃப்ரிஸ்கோ என்று ஓர் ஊர். வருஷாவருஷம் மார்ச் மாதத்தில் அங்கே ஒரு ஹோட்டலில் டெக்ஸஸ் பின்பால் திருவிழா நடக்கும். நூற்றுக்கணக்கான மெஷின்கள். வாசலில் ஒருமுறை பணம் கட்டிவிட்டால் உள்ளே நாணயம் போடவேண்டாம், விரல் தேயும்வரை ஆடலாம். எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் மணியடிக்கும், சிரிக்கும், மிரட்டும். பத்துக் கல்யாணத்தின் கெட்டிமேளத்தை ஒரே மண்டபத்தில் வைத்ததுபோல் இருக்கும். வரிசை நீளமாக இருந்தால் அங்கே புது மெஷின் நிற்கிறது என்று பொருள். வரிசையில் நிற்கிறவர்கள் பேசிக்கொள்வது விலையைப் பற்றி. அநியாயம், பகல்கொள்ளை, இனிமேல் ஒன்றுகூட வாங்கமாட்டேன் என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். அடித்துக்கொண்டே ஓர் அடி முன்னால் நகர்வார்கள்.

2023ஆம் வருஷத்து வசந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டெர்ன் கம்பெனி ஃபூ ஃபைட்டர்ஸ் என்ற ராக் குழுவின் பெயரில் ஒரு மெஷின் விட்டது. சாதா 6,999 டாலர், ஸ்பெஷல் 9,699, ஸ்பெஷலுக்கும் ஸ்பெஷல் 12,999. ஜெர்சி ஜாக் கம்பெனி ‘காட்ஃபாதர்’ படத்தை வைத்து ஒன்று விட்டது. அதில் உச்சப் பதிப்பு 15,000 டாலர். ஓர் உருண்டையைத் துரத்துகிற பெட்டிக்கு, நல்ல நிலையில் இருக்கும் பழைய கார் ஒன்றின் விலை. காரிலாவது எங்கேயாவது போய்ச் சேரலாம்.

இந்தப் பதினைந்தாயிரத்தின் பூர்வீகம் தெரியவேண்டுமானால் பிரான்சில், ஓர் ஊதாரி இளவரசரின் வீட்டிலிருந்து ஆரம்பிக்கவேண்டும்.

பதினாறாம் லூயியின் தம்பி, ஆர்ட்வா பிரபு. 1777இல் அண்ணி மேரி அன்டோனெட்டுடன் ஒரு பந்தயம் கட்டினார். பாரிஸுக்கு வெளியே ஒரு மாளிகையை மூன்றே மாதத்துக்குள் கட்டிக் காட்டுகிறேன் என்றார். பந்தயத் தொகை ஒரு லட்சம் லீவர். அறுபத்துச் சொச்ச நாளில் கட்டியும் முடித்தார், ஜெயித்தார். ஒரு லட்சத்தை ஜெயிக்க அவர் செலவழித்தது அதைப்போலப் பல மடங்கு. பின்பால் பொருளாதாரத்தின் அஸ்திவாரம் அன்றைக்கே போடப்பட்டது என்பது என் கட்சி. மாளிகையின் பெயர் பாகட்டெல். பிரெஞ்சில் அதற்கு அற்ப விஷயம், துக்கடா என்று அர்த்தம். அங்கே நடந்த விருந்தில் ஆணி அடித்த மேஜையில் கோலால் உருண்டையைத் தள்ளும் புது விளையாட்டு ஒன்று அரங்கேறியது, மாளிகையின் பெயரே அதற்கும் வந்தது என்று ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, இன்றைய 15,000 டாலர் மெஷினின் கொள்ளுத்தாத்தா பெயர் துக்கடா.

1871இல் சின்சினாட்டியில் இருந்த மாண்டேக் ரெட்கிரேவ் என்ற ஆங்கிலேயர் கோலைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரு சுருள்வில்லை வைத்துக் காப்புரிமை வாங்கினார். இழுத்து விட்டால் உருண்டை தானே ஓடும். மனிதன் செய்யவேண்டிய வேலை ஒன்று குறைந்தது. அடுத்த அறுபது வருஷத்தைத் தாராளமாகத் தாண்டிக் குதிக்கலாம், ஒன்றும் குடிமுழுகிவிடாது.

1931. பங்குச்சந்தை கவிழ்ந்து இரண்டு வருஷம். அமெரிக்காவில் வேலை இல்லை, சோற்றுக்கு வரிசை. இந்த நேரம் பார்த்துச் சிகாகோவில் டேவிட் காட்லீப் என்பவர் ‘பேஃபிள் பால்’ என்று ஒரு பெட்டியை விற்பனைக்கு விட்டார். விலை பதினேழரை டாலர். கடையின் கல்லாப் பக்கத்தில் வைத்துவிடலாம். ஒரு பென்னி போட்டால் சில உருண்டைகள். சினிமாவுக்குக் காசில்லாதவனிடமும் ஒரு பென்னி இருக்கும் என்று அவர் கண்டுபிடித்தார். ஐம்பதாயிரத்துக்கு மேல் விற்றது. ஊரே வற்றிக் கிடந்தபோது எந்த மடியில் இன்னும் ஈரம் இருக்கிறது என்று தடவிப் பார்த்துக் கறந்த முதல் ஆள்.

காட்லீபால் கேட்ட வேகத்தில் சரக்குக் கொடுக்க முடியவில்லை. அவரிடம் வாங்கி விற்றுக்கொண்டிருந்த ரே மலோனி காத்திருந்து சலித்துப்போய்த் தானே ஒன்றைச் செய்தார். பெயர் ‘பாலிஹூ’. அதுவும் ஐம்பதாயிரம். அந்தப் பெயரைச் சுருக்கித்தான் பாலி என்ற பெரிய கம்பெனி பிறந்தது. இனி இந்தத் தொழிலில் யார் எதைச் செய்தாலும், பக்கத்துக் கடைக்காரர் அதையே ஒரு சுற்றுப் பெரிதாகச் செய்வார் என்ற மரபும் கூடவே பிறந்தது.

அன்றைய மெஷின்களில் துடுப்பு கிடையாது. உருண்டையை விட்டபிறகு ஆடுகிறவருக்கு வேலை இல்லை, பிரார்த்தனைதான். பிரார்த்தனை பலிக்காத பக்தர்கள் மேஜையை உலுக்கினார்கள், அடியில் தட்டினார்கள், தூக்கிப் பார்த்தார்கள். இதைக் கண்டு ஹாரி வில்லியம்ஸ் என்ற வடிவமைப்பாளர் மெஷினின் அடிப்பாகத்தில் கூரான ஆணிகளை அடித்துவைத்தார். தட்டுகிறவன் கையைக் கிழித்துக்கொண்டு போகட்டும் என்று. வாடிக்கையாளர் சேவை என்று பிற்காலத்தில் எதைச் சொன்னார்களோ, அது அப்போது இப்படித்தான் இருந்தது. அப்புறம் அவருக்கே பாவமாக இருந்திருக்கவேண்டும். ஒரு பீடத்தின் மேல் குட்டி உருண்டையை நிற்கவைத்து, உலுக்கினால் அது விழுந்து ஆட்டம் செல்லாது என்று மாற்றினார். அதற்கு அவர் வைத்த பெயர் ஏதோ ஒன்று. மெஷினை உலுக்கிக் கெடுத்த ஓர் ஆட்டக்காரர், “அடடா, சாய்ச்சுட்டேன்” என்று புலம்பியதைக் கேட்டுப் பெயரையே மாற்றிக்கொண்டார் என்று சொல்வார்கள். டில்ட். அளவுக்குமேல் ஆட்டினால் ஆட்டமே பறிபோகும். இந்தப் பாடத்தை முதலில் படித்தவர் நம் ஆர்ட்வா பிரபு. பிற்காலத்தில் பத்தாம் சார்லஸாக முடிசூட்டிக்கொண்டு, நாட்டை உலுக்கு உலுக்கென்று உலுக்கி, 1830 புரட்சியில் சிம்மாசனத்தோடு டில்ட் ஆனார்.

பிறகு சில மெஷின்கள் ஜெயித்தவருக்குக் காசையே துப்ப ஆரம்பித்தன. அத்தோடு விளையாட்டு சூதாட்டமானது, சூதாட்டம் இருக்கும் இடத்துக்கு வரவேண்டியவர்களும் வந்துசேர்ந்தார்கள். அப்போது நியூயார்க் மேயர் ஃபியொரெல்லோ லா கார்டியா. ஆள் குள்ளம், குரல் உயரம். பள்ளிப் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக் காசை இந்த மெஷின் திருடுகிறது, அதற்குப் பின்னால் ரவுடிக் கும்பல் இருக்கிறது என்றார். 1942 ஜனவரியில் தடை விழுந்தது. மேயர் கோட்டு சூட்டோடு வந்து சம்மட்டியால் மெஷின்களை உடைத்துப் பத்திரிகைக்காரர்களுக்குப் போஸ் கொடுத்தார். உடைத்ததில் ஒரு பங்கை ஆற்றில் கொட்டினார்கள். மிச்ச இரும்பு யுத்தத்துக்கு. மரக்கால்களைக் கடைந்து போலீஸ்காரர்களுக்கு லத்தி செய்தார்கள். நேற்றுவரை நின்று விளையாடிய மெஷினின் காலாலேயே இன்றைக்கு முதுகில் வாங்குகிற பாக்கியம் சில ஆட்டக்காரர்களுக்காவது கிடைத்திருக்கும்.

எனக்கு அந்த மேயர்மேல் பெரிய கோபமில்லை. 1942இல் அது நிஜமாகவே குருட்டு அதிர்ஷ்டம். துடுப்பு வந்தது 1947இல். காட்லீப் கம்பெனியின் ‘ஹம்ப்டி டம்ப்டி’யில் ஹாரி மேப்ஸ் ஆறு துடுப்புகளை வைத்தார். மறு வருஷம் ஸ்டீவ் கார்டெக் ஆறெல்லாம் வெட்டிச் செலவு, இரண்டு போதும் என்று அடியில் இரண்டை மட்டும் வைத்தார். இந்தத் தொழிலில் ஒருவர் பொருளைக் குறைத்துப் புகழ்பெற்றது எனக்குத் தெரிந்து அந்த ஒருமுறைதான். இரண்டு துடுப்பு வந்ததும் விளையாட்டு திறமையின் கைக்கு வந்துவிட்டது. ஆனால் சட்டத்துக்குத் துடுப்பு முளைக்க இன்னும் இருபத்தெட்டு வருஷம் ஆனது. இலவச ஆட்டம் ஜெயித்தால்கூட அது பரிசு, பரிசு என்றால் சூது என்று சில ஊர்களில் சொன்னதால், 1960இல் இலவச ஆட்டத்துக்குப் பதிலாகக் கூடுதல் உருண்டை கொடுக்கும் மெஷின் வந்தது. வக்கீல் ஃபீஸையும் கணக்கில் சேர்த்தால் அந்த உருண்டை வெள்ளியில் வார்த்த உருண்டை.

சிகாகோ விஷயம் இதைவிட அழகு. பின்பால் கம்பெனிகள் ஏறக்குறைய மொத்தமும் அந்த ஊரில். உலகம் முழுக்க அங்கிருந்துதான் போகும். ஊருக்குள் ஆடத் தடை! பூனைக்கும் தோழன், பாலுக்கும் காவல் என்பது இதுதான். பகலெல்லாம் தொழிற்சாலையில் மெஷின் பூட்டும் தொழிலாளி, சாயங்காலம் அதில் ஓர் ஆட்டம் போட ஆசைப்பட்டால் ஊர் எல்லையைத் தாண்டவேண்டும்.

1976இல் நியூயார்க் நகரமன்றத்தில் விசாரணை. பின்பால் திறமை விளையாட்டுதான் என்று நிரூபிக்க ரோஜர் ஷார்ப் என்ற பத்திரிகைக்காரரைக் கூப்பிட்டிருந்தார்கள். முகத்தில் பாதிக்கு மீசை. இரண்டு மெஷின்களைக் கொண்டுவந்து வைத்தார்கள், ஒன்று ரிப்பேரானால் இன்னொன்று. ஓர் உறுப்பினருக்கு மூக்கு வியர்த்துவிட்டது. நீ பழகிவைத்த மெஷின் வேண்டாம், அந்த இன்னொன்றில் ஆடு என்றார். ஷார்ப் ஆடினார். அசரவில்லை. கடைசியில் அவர் வில்லை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இப்போது விடப்போகும் உருண்டை மேலே நடுப் பாதை வழியாகப் போகும் என்று அறிவித்துவிட்டு விட்டார். போனது. தடை போனது. பல வருஷம் கழித்து அவரே சொன்னார், அது அதிர்ஷ்டம் என்று. அதிர்ஷ்டம் என்று சொல்லிப் போட்ட முப்பத்து நாலு வருஷத் தடை, அதிர்ஷ்டம் இல்லை என்று நிரூபித்த ஓர் அதிர்ஷ்டத்தால் நீங்கியது. சிகாகோவும் அதை ஒட்டியே கதவைத் திறந்துவிட்டது.

பழகப் பழகப் பாலும் புளிக்கும். அனுமதி கிடைத்த இரண்டாம் வருஷம் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’, நாலாம் வருஷம் ‘பாக்மேன்’. பிள்ளைகள் சில்லறையோடு வீடியோ கேம் பக்கம் ஓடிவிட்டார்கள். உருண்டைக்கும் ரப்பருக்கும் பழுதுபார்க்கிற ஆள் வேண்டும், திரைக்கு வேண்டாம். கடைக்காரர்களும் ஓடினார்கள். 1985இல் சிகாகோவில் முதல் பின்பால் எக்ஸ்போ நடந்தபோது, பலருக்கு அது திருவிழாவா கருமாதியா என்பதே சந்தேகமாக இருந்திருக்கும். பெரியவர் பிழைத்துக்கொண்டார். அடுத்த வருஷமே ஸ்டீவ் ரிட்சி என்ற வடிவமைப்பாளர் ‘ஹை ஸ்பீட்’ செய்தார். போர்ஷ் காரில் கண்மண் தெரியாமல் பறந்து போலீசிடம் மாட்டிய அனுபவம் அவருக்கு உண்டு. நாமாக இருந்தால் வக்கீல் தேடுவோம். அவர் அதை மெஷினாக்கினார், பதினேழாயிரம் விற்றது. 1992இல் ‘ஆடம்ஸ் ஃபேமிலி’ 20,270 விற்றது. துடுப்பும் மின்னணு மூளையும் சேர்ந்த காலத்தில் அதை மிஞ்சியது இல்லை.

ஏழே வருஷம். 1999 அக்டோபரில் வில்லியம்ஸ் என்ற பெரிய கம்பெனி தன் பின்பால் பிரிவை இழுத்து மூடியது. வீடியோவையும் உருண்டையையும் கலந்து ‘பின்பால் 2000’ என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து, அது நன்றாகவும் இருந்து, அந்த வருஷமே மூடியது. தாழி உடைந்தது சரியாக வெண்ணெய் திரண்ட நேரத்தில். காரணம் எளிது. கம்பெனி அப்போது சூதாட்ட விடுதிகளுக்கு ஸ்லாட் மெஷின் செய்துகொண்டிருந்தது, லாபம் முழுக்க அதில். நாங்கள் சூதாட்டம் இல்லை, இல்லை என்று நாற்பது வருஷம் கோர்ட்டில் கற்பூரம் அடித்த தொழில், கடைசியில் சூதாட்டத்திடமே வீட்டைக் காலிசெய்து கொடுத்தது. லா கார்டியா உயிரோடு இல்லை. இருந்திருந்தால் சம்மட்டியைத் தேட ஆளனுப்பியிருப்பார்.

மிஞ்சியவர் கேரி ஸ்டெர்ன் ஒருவர்தான். பத்து வருஷத்துக்கு மேல் உலகத்தில் குறிப்பிடும்படி புது மெஷின் செய்தது அவருடைய கம்பெனி மட்டும். விலைக்கதை தடம் மாறுவது இங்கேதான். அதுவரை மெஷினை வாங்கியவர் மதுக்கடைக்காரர். அவர் கணக்குப் பார்ப்பார். பேஃபிள் பாலின் பதினேழரை டாலரை எடுக்க 1,750 பென்னி விழவேண்டும், கூட்டமுள்ள கடையில் ஓரிரு வாரம். போட்ட காசு திரும்பாத விலையைச் சொன்னால் அவர் வாசலைக் காட்டுவார். அந்தக் கடைக்காரர்தான் விலைக்கு இருந்த மூக்கணாங்கயிறு. இரண்டாயிரத்துக்குப் பிறகு கடைகள் குறைந்தன, வீடுகள் வந்தன. சின்ன வயதில் கால் டாலர் தீர்ந்துபோய் அடுத்தவன் ஆடுவதை வேடிக்கை பார்த்த பையன் வளர்ந்து, பல் டாக்டராகி, வீட்டின் கீழ்த்தளத்தில் இடம் ஒதுக்கிவைத்திருக்கிறான். அவனிடம் கணக்கு கிடையாது. ஏக்கம் இருக்கிறது. கயிறு அறுந்தது.

2011இல் ஜாக் குவார்னியேரி என்பவர் ஜெர்சி ஜாக் கம்பெனியைத் தொடங்கி, ‘விஸார்ட் ஆஃப் ஆஸ்’ மெஷினுக்கு 6,500 டாலர் என்று முன்பதிவு எடுத்தார். பெரிய வண்ணத் திரை, பறக்கும் குரங்கு, சுழலும் வீடு. இவ்வளவு விலைக்கு யார் வாங்குவார்கள் என்று பேசினார்கள். வாங்கினார்கள். பக்கத்துக் கடை மரபுப்படி ஸ்டெர்னும் விழித்துக்கொண்டு, ஒரே விளையாட்டை மூன்று தட்டில் பரிமாற ஆரம்பித்தது. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கவேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கவேண்டும். கடைக்காரருக்கு சாதா. ஆட்டக்காரருக்கு ஸ்பெஷல். மற்றவனிடம் இல்லாதது வேண்டும் என்பவருக்கு, எண் பொறித்த தகடு பதித்த லிமிடெட். தகடு ஆட்டத்தில் ஒரு புள்ளிகூடச் சேர்க்காது. தலையில் வைக்கும் அலங்காரப் பொம்மைக்கு டாப்பர் என்று பெயர், அதற்குத் தனிக் காசு. அதுவும் பெரும்பாலும் ஆட்டத்தைத் தொடாது. ஆடுகிறவரின் கண் உருண்டைமேல் இருப்பதால், டாப்பரை ரசிக்க வேறொருவரை வீட்டுக்கு அழைக்கவேண்டும்.

நியாயத்தையும் சொல்லிவிடவேண்டும். ஒரு மெஷினில் மூவாயிரத்து ஐந்நூறு உதிரிகளுக்கு மேல் என்றும், ஒயரை நீட்டினால் அரை மைல் வரும் என்றும், பூட்டி முடிக்க முப்பது மணி நேரம் ஆகும் என்றும் சொல்வார்கள். கை வேலைதான். படக்கம்பெனிக்கும் பாடகருக்கும் உரிமத்தொகை வேறு. பெருந்தொற்றில் எல்லாரும் வீட்டோடு அடைந்தபோது கீழ்த்தளத்துப் பல் டாக்டர்கள் பெருகினார்கள். எல்லாம் சரி. ஆனால் ஜேம்ஸ் பாண்டுக்கு அறுபது வயதானதைக் கொண்டாட ஐந்நூறே ஐந்நூறு மெஷின், ஒவ்வொன்றும் 19,999 டாலர் என்று ஸ்டெர்ன் சொன்னபோது, அந்தக் கடைசி ஒரு டாலரை விட்டுக்கொடுத்த பெருந்தன்மைக்கு எந்த ஒயரும் விளக்கம் சொல்லாது. அந்தப் பணத்துக்கு 1931இல் 1,142 பேஃபிள் பால் வாங்கி ஒரு மாவட்டத்தையே கறந்திருக்கலாம். விலைவாசி ஏறவில்லையா என்று கேட்பவர்களுக்கு: அன்றைய பதினேழரை டாலர் 2023ஆம் வருஷத்துக் காசில் 350ஐ ஒட்டி வரும். அவ்வளவுதான்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பார்கள். பின்பால் பூனை அந்த ஜாதியில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு மெஷினைக் கண்ணில் காட்டாமலே மூழ்கிய கம்பெனிகள் ஒன்றிரண்டு உண்டு. அதில் காசு விட்டவர், அடுத்த கம்பெனியின் முன்பதிவு திறக்கும் நாளில் விடியற்காலையே எழுந்து உட்கார்ந்திருப்பார். லிமிடெட் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது? சிலர் வாங்கிப் பெட்டியைப் பிரிக்காமல் வைத்து, பிறகு கூடுதல் விலைக்குத் தள்ளினார்கள். உருண்டை வெளிச்சமே பார்த்திருக்காது.

திரும்ப 2023ஆம் வருஷத்துக் காட்ஃபாதர் மெஷினுக்கு வருவோம். நியூயார்க் ரவுடிகள் பின்பாலை நடத்துகிறார்கள் என்று சொல்லி ஓர் இத்தாலிய வம்சாவளி மேயர் சம்மட்டி தூக்கி எண்பத்தொரு வருஷம். இப்போது ஒரு நியூயார்க் இத்தாலிய ரவுடிக் குடும்பமே மெஷின்மேல் ஓவியமாக ஏறி உட்கார்ந்துகொண்டு 15,000 டாலர் கேட்கிறது. ஓர் ஆட்டத்துக்கு ஒரு டாலர் என்று கடையில் வைத்தால், ஆட்டம் மூன்று நிமிஷம் என்று கொண்டால், போட்டதை எடுக்க முப்பத்தொரு நாள் இரவு பகலாக ஒருவர் மாற்றி ஒருவர் ஆடிக்கொண்டே இருக்கவேண்டும். கடையில் யாரும் வைக்கப்போவதில்லை, கீழ்த்தளத்துக்குத்தான் போகப்போகிறது.

ஆனாலும் மெஷினின் முன்பக்கம், இடுப்பு உயரத்தில், நாணயம் போடும் கதவு இருக்கிறது. பதினைந்தாயிரம் கொடுத்து வாங்கி வீட்டுக்குள் வைக்கிற மெஷினிலும் அதை எடுக்கவில்லை. சிலர் அதை ஓட்டத்திலேயே வைத்திருக்கிறார்கள், அசல் மாதிரி இருக்கவேண்டுமாம். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் கால் டாலர் நாணயங்கள். கிண்ணம் காலியானால் அப்பா கதவைத் திறந்து அள்ளி மறுபடி நிரப்புவார். அவர் ஆபீஸுக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து ஆட வந்த பையனுக்கு, அந்தக் கதவின் சாவி எங்கே என்று தெரியாது. பள்ளிப் பைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறான்.